அடைபட்ட மதகு

பர்கூர் வட்டாரத்தில் பேருந்தில் செல்பவர்கள் பாறைக் குன்றுகளுக்கு நடுவே ஏரிகளைக் காணலாம். மழைக்காலத்தில் ஓடைகள் ஏரிக்கு நீரைக் கொண்டு சேர்க்கின்றன. கரையில் உள்ள மதகைத் திறந்தால் நீர் வாய்க்கால் வழியே வயலுக்குப் பாய்கிறது. ஏரி நிரம்பி மிஞ்சும் நீர் கலிங்கு வழியே வெளியேறிவிடுகிறது. மதகும் கலிங்கும் சரியாக இருக்கும்வரை ஏரிக்கும் கேடில்லை, ஊருக்கும் கேடில்லை.

இப்போது ஒரு ஏரியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதற்குக் கலிங்கு கிடையாது. இருக்கும் ஒரே மதகிலும் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது. மழையோ நிற்காமல் பெய்கிறது. என்ன நடக்கும்? ஏரி விளிம்புவரை நிரம்பும். அதன்பின் நீர் வந்த வழியே பின்னேறி ஓடைகளில் தேங்கும். ஓடைக்கரைகள் விரிந்து இடியும். முடிவில், ஏரிக்கு மேற்புறத்தில் உள்ள பயிர்கள் மூழ்கும். அடைப்பு இருப்பது கீழே. அழிவு நேர்வதோ மேலே!

ஆண் குழந்தைகளுள் சிலர் ஏறத்தாழ இதே நிலையில்தான் பிறக்கிறார்கள். அவர்களுடைய ஏரி சிறுநீர்ப்பை. ஓடைகள் சிறுநீர் நாளங்கள். மேற்புறத்துப் பயிர் சிறுநீரகங்கள். அந்த அடைப்பு எப்படி உண்டாகிறது, அதை நீக்கிய பிறகும் அச்சிறுவர்கள் ஏன் வாழ்நாள் முழுவதும் கவனமாக இருக்க வேண்டும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இரண்டு வடிகட்டிகள்

முதலில் சிறுநீரகத்தின் வேலையைச் சிறிது நினைவுபடுத்திக்கொள்வோம். முதுகெலும்பின் இரு பக்கங்களிலும், கடைசி விலா எலும்புகளை ஒட்டி, அவரை விதை வடிவில் இரு சிறுநீரகங்கள் அமைந்துள்ளன. வளர்ந்த மனிதரில் ஒவ்வொன்றும் 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமும் சுமார் 150 கிராம் எடையும் உடையது. இவ்வளவு சிறிய உறுப்புகளுக்கு இதயம் அனுப்பும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்ச் சேருகிறது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாக 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. நெஃப்ரானின் தலைப்பகுதியில் நுண்ணிய இரத்தக் குழாய்களின் முடிச்சு ஒன்று இருக்கிறது. அதற்குக் குளோமருலஸ் என்று பெயர். அதனைப் பௌமானின் கிண்ணம் சூழ்ந்திருக்கிறது. இரத்தத்தின் அழுத்தத்தால் நீரும், அதில் கரைந்துள்ள உப்புகளும் கழிவுகளும் இக்கிண்ணத்தினுள் வடிகின்றன. இவ்வாறு நிமிடத்துக்குச் சுமார் 125 மில்லிலிட்டர், அதாவது நாளொன்றுக்கு 180 லிட்டர் நீர் வடிகட்டப்படுகிறது. ஆனால் நாம் வெளியேற்றும் சிறுநீர் ஒன்றரை லிட்டர் அளவுதான். எஞ்சிய 99 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நீரை நெஃப்ரானின் நீண்ட குழல் மீண்டும் இரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

இங்கே இயற்பியல் விதி ஒன்றைக் கவனியுங்கள். வடிகட்டுதல் நடைபெற வேண்டுமானால் இரத்தக் குழாயின் பக்கம் அழுத்தம் மிகுந்தும், கிண்ணத்தின் பக்கம் அழுத்தம் குறைந்தும் இருக்க வேண்டும். கிண்ணத்தின் பக்கத்திலிருந்து எதிரழுத்தம் ஏறினால் வடிகட்டுதல் குறையும். மிகவும் ஏறினால் நின்றேவிடும். சிறுநீர் போகும் வழி முழுவதும் தடையின்றி இருக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

அந்த வழி எது? சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் நாளம் வழியாகச் சிறுநீர் கீழே இறங்குகிறது. நாளம் அலை அலையாகச் சுருங்கி அதனைச் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர்ப்பைக்குள் தள்ளுகிறது. சிறுநீர்ப்பை மீள்தன்மை உடைய தசைப்பை. அது நிரம்பும்போது தளர்ந்து இடம் கொடுக்கும். அதனால் உள்ளே சிறுநீர் சேர்ந்தாலும் அழுத்தம் அதிகம் ஏறுவதில்லை. நாம் விரும்பும் வேளையில் பை சுருங்க, வாயில் திறக்க, புறவழி மூலம் சிறுநீர் வெளியேறுகிறது.

மெல்லிய சவ்வு, பெரிய தடை

சில ஆண் குழந்தைகளுக்குத் தாய் வயிற்றில் உருவாகும்போதே, சிறுநீர்ப்பைக்குச் சற்றுக் கீழே, புறவழியின் பின்பகுதியில் மெல்லிய சவ்வு மடிப்பு ஒன்று குறுக்கே அமைந்துவிடுகிறது. மருத்துவர்கள் இதனைப் 'பின்புறவழி வால்வு' என்று அழைக்கின்றனர். சைக்கிள் டியூபின் வால்வு காற்றை உள்ளே போகவிடும், வெளியே வரவிடாது அல்லவா? இதுவும் அத்தகையதே. வெளியிலிருந்து மெல்லிய குழாயைச் செலுத்தினால் மடிப்பு ஒதுங்கி வழிவிடுகிறது. உள்ளிருந்து சிறுநீர் வரும்போதோ பாய்மரம்போல் விரிந்து வழியை மறிக்கிறது.

பெண் குழந்தைகளின் புறவழி மிகவும் குட்டையானது. இத்தகைய மடிப்பு உண்டாகும் அமைப்பு அவர்களிடம் இல்லை. ஆகவே இது ஆண் குழந்தைகளுக்கு மட்டுமே வரும் குறை.

5,000 முதல் 8,000 ஆண் குழந்தைகளுக்கு ஒருவர் இக்குறையுடன் பிறப்பதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. இது மிக அரிது என்று தோன்றலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 லட்சம் ஆண் குழந்தைகள் பிறந்தால் அவர்களுள் 50 முதல் 80 பேருக்கு இது இருக்கும். தமிழ்நாட்டில் ஓராண்டில் பிறக்கும் ஆண் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ அவ்வளவுதான். அப்படியானால் ஆண்டுதோறும் இரண்டு வகுப்பறைகளை நிரப்பும் அளவுக்கு இத்தகைய குழந்தைகள் நம் மாநிலத்தில் பிறக்கின்றனர் எனலாம்.

வேறு வகைப் பிறவி அடைப்புகளும் உண்டு. சிறுநீரகமும் நாளமும் சேரும் இடம் குறுகியிருப்பது அவற்றுள் ஒன்று. இதுவும் ஆண் குழந்தைகளிடமே மிகுதி. ஆயினும் பெரும்பாலும் ஒரு பக்கத்துச் சிறுநீரகமே இதனால் துன்புறும்; மற்றது வேலையை ஏற்றுக்கொள்ளும். புறவழியில் ஏற்படும் அடைப்போ இரண்டு சிறுநீரகங்களையும் ஒருங்கே தாக்குகிறது. அதனால்தான் அது கொடியது.

கிரகணத்தின்போது தாய் வெளியே வந்ததால் இக்குறை நேர்ந்தது என்று சிலர் சொல்லக்கூடும். இதில் சிறிதும் உண்மையில்லை. கரு உருவாகும் முதல் மாதங்களில் புறவழி அமையும் முறையில் நேரும் பிழையே இது. தாய் உண்டதோ, செய்ததோ, செய்யாததோ இதற்குக் காரணமன்று.

தாய் வயிற்றிலேயே தொடங்கும் கேடு

கருவின் சிறுநீரகங்கள் மூன்றாம் மாதத்திலேயே சிறுநீர் சுரக்கத் தொடங்கிவிடுகின்றன. குழந்தையின் கழிவுகளைத் தாயின் உடலே அகற்றிவிடுவதால், இச்சிறுநீருக்குக் கழிவு நீக்கும் வேலை இல்லை. வேறொரு வேலை உண்டு. குழந்தையைச் சூழ்ந்துள்ள பனிக்குட நீரில் பெரும்பகுதி, ஐந்தாம் மாதத்துக்குப் பின், குழந்தையின் சிறுநீரே! குழந்தை இந்நீரை விழுங்குகிறது. மூச்சு விடுவதுபோல் நெஞ்சை அசைத்து நுரையீரலுக்குள்ளும் வாங்குகிறது. நுரையீரல் நன்கு விரிந்து வளர இந்த நீர் இன்றியமையாதது.

புறவழி மிகவும் அடைபட்டிருந்தால் சிறுநீர் வெளிவராது. பனிக்குட நீர் குறையும். நுரையீரல் வளர்ச்சி குன்றும். இத்தகைய குழந்தை பிறந்தவுடன் மூச்சுவிடவே திணறும்.

சிறுநீரகத்துக்கு நேரும் கேடு வேறு வகையானது. மதகு அடைபட்ட ஏரியில் நாம் கண்டது இங்கும் நடக்கிறது. தடையை எதிர்த்துத் தள்ளித் தள்ளிச் சிறுநீர்ப்பையின் தசை தடித்துப்போகிறது. நாளங்கள் அகன்று, நெளிந்து, வளைகின்றன. சிறுநீரகத்தின் உட்பகுதி நீரால் உப்புகிறது. எதிரழுத்தத்தின் நடுவே நெஃப்ரான்கள் சரிவர உருவாக முடிவதில்லை.

இங்குதான் மிக முக்கியமான உண்மை ஒன்று இருக்கிறது. நெஃப்ரான்கள் உருவாவது கருவின் 36ஆம் வாரத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. தோலில் காயம் பட்டால் புதுத்தோல் வளர்கிறது. எலும்பு முறிந்தால் கூடுகிறது. ஆனால் பிறந்த பிறகு ஒரு புதிய நெஃப்ரான்கூட உண்டாவதில்லை. பிறக்கும்போது கையில் இருப்பதுதான் வாழ்நாள் முதல். அதை வைத்தே குடும்பம் நடத்த வேண்டும்!

அறிவியல் கடந்து வந்த பாதை

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ஹியூ ஹாம்ப்டன் யங் என்ற அறுவை மருத்துவர், தம் உடன் பணியாளர்களோடு சேர்ந்து 1919ஆம் ஆண்டில் இந்த வால்வுகளை விரிவாக விளக்கி, வகைப்படுத்தி எழுதினார். அந்நாளில் நோய் முற்றிய பிறகே குழந்தைகள் மருத்துவரிடம் வந்தனர். பிறவாத குழந்தையின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதை அறிய வழியே இல்லை.

அந்த வழியைக் காட்டியது ஒலி. கிளாஸ்கோ நகரப் பேராசிரியர் இயான் டொனால்டும் அவருடைய குழுவினரும், மீயொலி அலைகளால் வயிற்றினுள் இருப்பதைப் படமாகக் காணும் முறையை 1958இல் வெளியிட்டனர். நம் செவிக்கு எட்டாத இவ்வொலி அலைகள் திசுக்களில் பட்டு எதிரொலிக்கின்றன. எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு படம் அமைகிறது. நீர் நிறைந்த இடம் கறுப்பாகத் தெரியும். ஆகவே உப்பிய சிறுநீரகம் இதில் தெளிவாகத் தென்படுகிறது.

1981இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான்பிரான்சிஸ்கோ மருத்துவமனையில் மைக்கேல் ஹாரிசன் குழுவினர், தாய் வயிற்றில் இருந்த குழந்தைக்கே அறுவை செய்து, அடைபட்ட சிறுநீருக்கு வழி உண்டாக்கினர். அதன்பின், வயிற்றின் மேலிருந்தே சிறு குழாய் ஒன்றைச் செலுத்தும் எளிய முறையும் வந்தது. ஆனால் அத்தகைய சிகிச்சை பற்றி 2013இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று பெரிய நம்பிக்கை தரவில்லை. உயிர் பிழைத்த குழந்தைகளுள்ளும் நல்ல சிறுநீரகத்துடன் வளர்ந்தவர்கள் மிகச் சிலரே. அடைப்பு தென்படும் வேளையில் சேதத்தின் பெரும்பகுதி முடிந்துபோயிருப்பதே இதற்குக் காரணம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்று கருவுற்ற தாய்மார்களுக்கு ஐந்தாம் மாத அளவில் ஸ்கேன் செய்கிறார்கள். இரு சிறுநீரகங்களும் உப்பி, சிறுநீர்ப்பை பெருத்து, பனிக்குட நீர் குறைந்து காணப்பட்டால் மருத்துவர் ஐயுறுகிறார்.

இதில் ஒரு கேள்வி எழலாம். பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று ஸ்கேன் பார்த்துச் சொல்வதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டில் தடை செய்திருக்கிறதே, ஆண் குழந்தைக்கு மட்டும் வரும் குறையை எப்படித் தெரிவிப்பது? இதில் சிக்கல் ஒன்றுமில்லை. சிறுநீரகம் உப்பியிருக்கிறது என்பதையும், பிறந்தவுடன் குழந்தையைப் பரிசோதிக்க வேண்டும் என்பதையும் மட்டும் அறிக்கையில் குறித்தால் போதும். பெற்றோர் செய்ய வேண்டியது, அந்த அறிக்கையைப் பத்திரப்படுத்தி, பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் காட்டுவதுதான்.

ஸ்கேனில் தப்பிவிடும் குழந்தைகளும் உண்டு. அவர்களைச் சில அறிகுறிகள் காட்டிக்கொடுக்கும். சிறுநீர் தாரையாகப் பாயாமல் சொட்டுச் சொட்டாக வருதல், முக்கி முக்கிச் சிறுநீர் கழித்தல், அடிவயிறு உருண்டையாகப் புடைத்திருத்தல், காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பக் காய்ச்சல் வருதல், எடை ஏறாதிருத்தல் ஆகியவை அவை. சிலரிடம் அடைப்பு முழுமையாக இல்லாததால், பள்ளி வயதில் பகலிலும் உடையை நனைத்துக்கொள்வதாகவே அது வெளிப்படும். வீட்டில் அடியும் திட்டும் வாங்குகிற அந்தச் சிறுவனுக்கு உண்மையில் தேவைப்படுவது பரிசோதனை.

உறுதி செய்வதற்கு எக்ஸ்ரே பரிசோதனை ஒன்று உண்டு. மெல்லிய குழாய் மூலம் சிறுநீர்ப்பையில் சாயநீரை நிரப்பி, குழந்தை சிறுநீர் கழிக்கும்போது படம் எடுப்பார்கள். மடிப்புக்கு மேலே புறவழி பலூன்போல் விரிந்தும், கீழே நூல்போல் மெலிந்தும் தெரியும்.

மதகு திறக்கிறது

முதல் வேலை அழுத்தத்தைக் குறைப்பது. பிறந்த குழந்தையின் புறவழியில் மெல்லிய குழாயைச் செலுத்தித் தேங்கிய சிறுநீரை வடியவிடுகிறார்கள். உடலின் நீரும் உப்புகளும் சீரான பின், பென்சிலைவிட மெல்லிய உள்நோக்குக் கருவியை அதே வழியில் செலுத்தி, கண்ணால் பார்த்துக்கொண்டே மடிப்பை வெட்டி நீக்குகிறார்கள். வயிற்றில் தழும்புகூட இராது. கருவி நுழைய முடியாத அளவு சிறிய குழந்தையானால், அடிவயிற்றில் சிறு துளையிட்டுச் சிறுநீர் வடிய வழிசெய்து, வளர்ந்த பின் மடிப்பை அகற்றுவதும் உண்டு.

தடை நீங்கியது, குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது. சிறுநீர் நன்றாகப் பாய்கிறது. "ஆபரேஷன் முடிந்தது, குறை தீர்ந்தது" என்று குடும்பம் நிம்மதி அடைகிறது. பிழை தொடங்கும் இடம் இதுவே!

மதகைத் திறந்தால் நீர் வடிந்துவிடும். ஆனால் மூழ்கி அழுகிய பயிர் எழுந்து நிற்குமா? நிற்காது. மூழ்காமல் தப்பிய பயிரைக் காப்பாற்றுவதுதான் இனி உழவரின் வேலை. அறுவைக்குப் பின்னும் இச்சிறுவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை, இளைஞராகும் காலத்துக்குள் சிறுநீரகச் செயலிழப்பை அடைவதாகப் பல ஆய்வுகள் தெரிவிக்கின்றன.

ஏன் இப்படி? காரணங்கள் மூன்று.

முதலாவது, நெஃப்ரான்கள் குறைவு. பத்துப் பேர் செய்ய வேண்டிய வேலையை நான்கு பேர் செய்தால் அவர்கள் விரைவில் களைத்துப்போவார்கள். எஞ்சிய நெஃப்ரான்கள் கூடுதல் அழுத்தத்தில் கூடுதலாக வடிகட்டுகின்றன. சில காலம் குறை வெளியே தெரிவதில்லை. ஆனால் அந்த மிகையுழைப்பே அவற்றைத் தழும்பாக்கி ஒவ்வொன்றாக அழிக்கிறது. அமெரிக்க மருத்துவ அறிஞர் பேரி பிரென்னர் 1982இல் இந்தக் கருத்தை விளக்கினார்.

இரண்டாவது, சிறுநீர்ப்பை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. தடித்து இறுகிய பை நிரம்பும்போது தளராது. ஆகவே உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பிற்காலத்தில் அது ஓய்ந்து, முழுதும் காலியாகாமல் போவதும் உண்டு. மதகு திறந்திருந்தும் ஏரி எப்போதும் நிரம்பியே இருப்பது போன்ற நிலை இது. தேங்கிய சிறுநீரில் கிருமிகள் பெருகி, நாளம் வழியே மேலேறிச் சிறுநீரகத்தைப் புண்ணாக்குகின்றன.

மூன்றாவது, சேதமடைந்த நெஃப்ரான்களால் நீரைத் திரும்ப உறிஞ்ச முடிவதில்லை. எனவே இச்சிறுவர்கள் பிறரைவிட மிகுதியாகச் சிறுநீர் கழிப்பார்கள், தாகமும் மிகுதி. இரவில் பை நிரம்பி வழிந்து, மீண்டும் பின்னழுத்தம் உண்டாகும்.

இவற்றோடு உடல் வளர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. ஐந்து வயதில் 18 கிலோ எடையுள்ள சிறுவன் பதினைந்து வயதில் 50 கிலோவை எட்டலாம். உடல் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. நெஃப்ரான்களின் எண்ணிக்கையோ மாறுவதில்லை. சிறுவயதில் போதுமானதாக இருந்த சிறுநீரகம், பருவ வயதில் போதாமல் போகிறது. உயர்நிலைப் பள்ளிக் காலமே இச்சிறுவர்களுக்கு மிகவும் ஆபத்தான காலம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

நீங்களே கணக்கிடுங்கள்

சிறுநீரகத்தின் வேலைத்திறனை அறியக் கிரியேட்டினின் என்னும் பொருள் உதவுகிறது. தசைகளில் உண்டாகும் இக்கழிவைச் சிறுநீரகம் அகற்ற வேண்டும். வடிகட்டுதல் குறைந்தால் இரத்தத்தில் இதன் அளவு ஏறும். பிறவி அடைப்பு உடைய குழந்தைக்கு, சிகிச்சைக்குப் பின் முதலாண்டில் இது 100 மில்லிலிட்டருக்கு 0.8 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால் எதிர்காலம் நன்று. 1 மில்லிகிராமுக்கு மேலேயே நின்றுவிட்டால் மிகுந்த கவனம் தேவை.

சிறுவர்களுக்கு மருத்துவர்கள் எளிய வாய்பாடு ஒன்றைப் பயன்படுத்துகின்றனர். உயரத்தைச் சென்டிமீட்டரில் எழுதி 0.413ஆல் பெருக்கி, கிரியேட்டினின் அளவால் வகுக்க வேண்டும். 150 சென்டிமீட்டர் உயரமுள்ள மாணவனின் கிரியேட்டினின் 0.6 ஆனால் விடை 103. இது நல்ல நிலை. அதே உயரமுள்ள மற்றொருவனுக்கு 1.2 இருந்தால் விடை 51.6தான். 60க்குக் கீழே இறங்கினால் வேலைத்திறன் குறைந்துவிட்டது என்றும், 15க்குக் கீழே போனால் செயலிழப்பு என்றும் கொள்வர். 0.6க்கும் 1.2க்கும் வேறுபாடு சிறிதுதானே என்று எண்ணக்கூடாது. அதற்குள் பாதிச் சிறுநீரகம் போய்விட்டது! அந்த மாணவனோ ஓடுவான், விளையாடுவான். வலி என்று எதுவும் சொல்லமாட்டான். பரிசோதனை ஒன்றே உண்மையைச் சொல்லும்.

பள்ளியில் ஒரு நாள்

பர்கூரில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மாணவன் ஒருவனை எண்ணிக்கொள்ளுங்கள். குழந்தையாக இருந்தபோது அவனுக்கு அடைப்பு நீக்கப்பட்டது. இன்று மற்றவர்களைப்போலவே இருக்கிறான். ஆனால் அவனுக்குச் சில விதிகள் உண்டு.

அவன் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, உந்துதல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சிறுநீர் கழிக்க வேண்டும். ஒருமுறை கழித்துச் சில நிமிடம் பொறுத்து மீண்டும் ஒருமுறை முயல வேண்டும். அப்போதுதான் பை நன்கு காலியாகும். தாகத்துக்கு ஏற்பத் தண்ணீர் குடிக்க வேண்டும். சித்திரை வெயிலில் வாந்தியோ பேதியோ வந்தால், அவனுடைய சிறுநீரகம் நீரைச் சேமிக்காது என்பதால், உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். உப்பு மிகுந்த அப்பளம், ஊறுகாய், நொறுக்குத் தீனி ஆகியவற்றைக் குறைக்க வேண்டும். உடல்வலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலிநீக்கி மாத்திரைகள் அவனுக்கு நஞ்சு. என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத சூரணங்களும் பற்பங்களும் அப்படியே.

சிலருக்குப் பை தானாகக் காலியாவதில்லை. அவர்கள் நாளில் சில வேளை மெல்லிய குழாயைத் தாமே செலுத்திச் சிறுநீரை வெளியேற்றிக்கொள்கிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர் ஜாக் லாப்பிடஸ் 1972இல் இம்முறையை வெளியிட்டார். அறுவை அரங்கின் தூய்மை இதற்கு வேண்டியதில்லை. சோப்பால் நன்கு கழுவிய கைகளும் சுத்தமான குழாயும் போதும் என்று அவர் காட்டியது பல்லாயிரம் சிறுநீரகங்களைக் காத்திருக்கிறது. இந்த மாணவனுக்குப் பள்ளியில் தேவைப்படுவது தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும்தான்.

இரத்த அழுத்தத்தையும் அளந்துவர வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் சிறுநீரக நோயுற்ற 385 சிறுவர் சிறுமியரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2009இல் வெளியாயிற்று. எல்லாருக்கும் மாத்திரை கொடுத்து, ஒரு சாராருக்கு வழக்கமான அளவிலும் மற்றொரு சாராருக்கு அதைவிடக் குறைந்த அளவிலும் அழுத்தத்தை நிறுத்தினார்கள். ஐந்தாண்டுகளில், முதல் சாராரில் நூற்றுக்கு 42 பேரின் சிறுநீரகம் பெரிதும் கெட்டது. இரண்டாம் சாராரில் அது 30 பேருக்கே நேர்ந்தது. நாள்தோறும் தவறாமல் விழுங்கும் ஒரு மாத்திரையின் ஆற்றல் இது!

கோப்பைத் தொலைக்காதீர்கள்

பர்கூர், கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பகுதி எல்லைப்புறம். தந்தைக்கு ஓசூர்த் தொழிற்சாலையில் வேலை கிடைத்தால் குடும்பம் அங்கே போகும். நாளை பெங்களூருக்கும் போகலாம். பிறந்தபோது ஓர் ஊரில் சிகிச்சை, வளர்ந்தபின் வேறோர் ஊரில் வாசம் என்பது இங்கே இயல்பு. இடம் மாறும்போது பாத்திரம் பண்டங்கள் வந்துவிடும். மருத்துவக் கோப்பு மட்டும் காணாமல் போகும். புதிய மருத்துவர் அறுவை எப்போது நடந்தது, முதலாண்டில் கிரியேட்டினின் எவ்வளவு என்று கேட்டால் விடை இராது. ஆகவே வீட்டில் நிலப்பத்திரத்துக்கு அளிக்கும் மதிப்பை அந்தக் கோப்புக்கும் அளிக்க வேண்டும்.

நெடுஞ்சாலையின் ஒரு முனையில் பெங்களூரும் மறு பக்கம் வேலூரும் இருப்பது இப்பகுதியின் நற்பேறு. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் சிறுநீரகப் பிரிவு தனியே உள்ளது. கிருஷ்ணகிரியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இரத்த அழுத்தம் பார்க்கவும், சிறுநீரும் கிரியேட்டினினும் சோதிக்கவும் தொலைதூரம் போகத் தேவையில்லை.

எல்லாம் செய்தும் சிறுநீரகம் செயலிழந்தால்? அப்போதும் வழி அடைபடவில்லை. இரத்தத்தைக் கருவியால் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் ஒரு வழி. மாற்றுச் சிறுநீரகம் பொருத்துவது அதனினும் சிறந்த வழி. 1954 டிசம்பரில் பாஸ்டன் நகரில் ஜோசப் முர்ரே இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். இந்தியாவில் உயிருடன் இருப்பவரிடமிருந்து பெற்ற சிறுநீரகத்தைப் பொருத்தும் சிகிச்சை 1971இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் வெற்றிகரமாக நிகழ்ந்தது. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பெற்றுப் பொருத்தும் அரசுத் திட்டம் தமிழ்நாட்டில் 2008இல் தொடங்கியது. ஆனால் புதிய சிறுநீரகத்தையும் அதே பழைய சிறுநீர்ப்பையில்தான் இணைக்க வேண்டும். பையைச் சீராக வைக்காவிட்டால் புதியதும் பழையதன் வழியே போய்விடும்.

நம் பங்கு என்ன?

மாணவர்களே, உங்கள் வகுப்பில் அடிக்கடி "சார், வெளியே போகணும்" என்று எழுந்து நிற்கும் ஒருவன் இருக்கலாம். அவன் எழும்போதெல்லாம் பின் வரிசையில் சிரிப்பு எழும். அந்தச் சிரிப்புக்கு அஞ்சி அவன் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதை விட்டுவிடுவான், உந்துதலை அடக்கிக்கொள்வான். தாய் வயிற்றில் இருந்தபோது சவ்வு செய்த அதே கேட்டை இப்போது அந்தச் சிரிப்பு செய்கிறது. சவ்வை வெட்ட அறுவை மருத்துவர் வேண்டும். சிரிப்பை நிறுத்த நீங்கள் போதும்.

நீங்களே அந்த மாணவனாகவும் இருக்கலாம். அப்படியானால் உங்களுக்கு ஒரு சொல். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். இதுவரை அம்மா நினைவூட்டியதை இனி நீங்களே நினைவில் வையுங்கள். உங்கள் கிரியேட்டினின் எவ்வளவு, இரத்த அழுத்தம் எவ்வளவு என்பது தேர்வு மதிப்பெண்போல் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதினெட்டு வயதானதும் குழந்தை மருத்துவரை விட்டுப் பெரியவர்களுக்கான சிறுநீரக மருத்துவரிடம் மாற வேண்டியிருக்கும். அந்த இடைவெளியில் பலர் சிகிச்சையை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். இச்சிறுவர்களுக்கு வெள்ளம் பிறக்குமுன்பே வந்துவிட்டது. ஆயினும் மேட்டில் தப்பி நிற்கும் பயிர் உண்டு. வேளைக்கு நீர், வேளைக்கு வடிகால், ஆண்டுக்கு ஆண்டு தவறாத கவனிப்பு ஆகிய மூன்றும் இருந்தால், அந்தப் பயிர் கதிர் முற்றும்வரை நிற்கும்.